ஊன்றக் கூடாது என்றால், அசையக் கூடாது என்றா அர்த்தம்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களுக்குத் தங்கச்சிமடம். அப்பாவுக்கு 58 வயது, எடை 62 கிலோ. முப்பத்தைந்து வருடமாக விசைப்படகில் போகிறவர். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. பிப்ரவரியில் படகில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். ஆறு வாரத்துக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் அப்பாவைக் கட்டிலை விட்டு இறக்கவே இல்லை. சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் படுக்கையில்தான். படுத்திருப்பவருக்குச் செரிக்காது என்று அத்தை கஞ்சியும் ரசம் சோறும்தான் கொடுக்கச் சொன்னார். புண் ஆறும்வரை மீன் ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டோம். ஏழாவது வாரம் மதுரைக்குக் கூட்டிப் போனோம். எலும்பு நன்றாகச் சேர்ந்து வருகிறது, வாக்கர் பிடித்துப் பாதி எடை ஊன்றலாம் என்றார்கள். ஆனால் அப்பாவால் நிற்க முடியவில்லை. உட்கார வைத்தாலே தலை சுற்றுகிறது. அடிபடாத இடது காலும் குச்சி மாதிரி ஆகிவிட்டது. முறியாத கால் ஏன் மெலிய வேண்டும்? நரம்பு ஏதாவது போய்விட்டதா? என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். "விண்வெளிக்குப் போய் வந்தவரையும் ரெண்டு பேர் பிடிச்சுத்தானே கூட்டி வந்தாங்க, தாத்தாவுக்கும் அதேதான்" என்கிறான். அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? ஜூன் 15-ஆம் தேதி தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும்போது தானும் போக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். பழையபடி நடப்பாரா?

— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மதுரை டாக்டர் சொன்னது "ஊன்றக் கூடாது". வீட்டில் கடைப்பிடித்தது "அசையக் கூடாது". இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உங்கள் அப்பாவின் கால் தசை கரைந்து போயிருக்கிறது. உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. ராமநாதபுரத்தில் இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவராக இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். பாம்பனிலிருந்து தொண்டி வரை எத்தனையோ வீடுகளில் இதே கதையைப் பார்த்துவிட்டேன். எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆறு வாரமும் எதைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து சொல்ல ஆளிருப்பதில்லை. பயந்துபோன வீட்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று ஆளைப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

நான் மட்டும் என்ன செய்தேன்? 2008-ல் என் அம்மா நுரையீரல் தொற்றோடு ஓர் ஆஸ்பத்திரியில் 12 நாள் படுத்திருந்தார். அப்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். தினமும் போனில் "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, எந்திரிக்காதீங்க" என்று சொன்னவன் நான்தான். நோய் குணமாகி வீட்டுக்கு வந்தவர், அதற்கு முந்தைய மாதம் வரை இடுப்பில் தூக்கிய தண்ணீர்க் குடத்தை அதற்குப் பிறகு தூக்கவே இல்லை. அப்போது அவருக்கு 66 வயது. அதற்கு முந்தைய ஆண்டு, 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. எந்த நோயும் இல்லாத, சராசரியாக 67 வயதானவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. கொழுப்பு இல்லை, சதை. அந்தத் தாளை நான் படித்தபோது அம்மா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார். அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் மகன் சொன்னதற்கு வருவோம். அவன் சொன்னது பெரும்பாலும் சரி. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூலை 15-ஆம் தேதி பூமிக்குத் திரும்பியபோது, 20 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு வந்த அவரைக் கைத்தாங்கலாகத்தான் நடத்திக் கூட்டி வந்தார்கள். அங்கே அவர் செய்த சோதனைகளில் ஒன்று, பெங்களூரு ஆய்வகம் கொடுத்தனுப்பிய தசைச் செல்களைப் பற்றியது. எடையற்ற நிலையில் தசை ஏன் புதுப்பித்துக்கொள்ளத் தடுமாறுகிறது என்பதுதான் அதன் கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லுங்கள். 20 நாளில் வந்தவருக்குத் தள்ளாட்டம் அதிகமும் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பால் வந்தது. அது சில நாளில் சரியாகிவிடும். தாத்தாவுக்கு வந்திருப்பது தசையின் பலவீனம். 1970-ல் சோயுஸ் 9 என்ற கலத்தில் இரண்டு ரஷ்யர்கள் ஏறக்குறைய 18 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார்கள். அவர்களைக் கலத்திலிருந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது, பல நாள் நிற்கவே சிரமப்பட்டார்கள். அதற்குப் பிறகு விண்வெளியில் உடற்பயிற்சிக்கு இன்னும் அதிக முக்கியத்துவம் கொடுத்தார்கள். இன்று விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். செய்யாவிட்டால் திரும்பி வந்து நடப்பது பெரும் சிரமம்.

இதைத் தரையிலேயே ஆராய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி, நல்ல ஆரோக்கியமான ஆளைக் கட்டிலில் படுக்க வைப்பதுதான். கட்டிலின் தலைமாட்டை 6 டிகிரி தாழ்த்திவிடுவார்கள். ஜெர்மனியில் கொலோன் நகரில் உள்ள விண்வெளி மருத்துவ மையத்தில் 2019-ல் ஆண்களும் பெண்களும் இப்படி 60 நாள் படுத்தார்கள். சாப்பாடு, குளியல், கழிப்பு எல்லாம் படுத்தபடியே. ஒரு தோளாவது எப்போதும் மெத்தையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. சும்மா படுப்பதற்கு 16,500 யூரோ கொடுத்தார்கள் என்று செய்தி வந்தபோது பலரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி எத்தனை மருத்துவர்கள், எத்தனை அளவைகள், முடிந்த பிறகு எத்தனை நாள் நடைப் பயிற்சி என்பதைப் பலர் கவனிக்கவில்லை. உங்கள் அப்பா ஏறக்குறைய அதே சோதனையைத் தங்கச்சிமடத்தில் ஓர் அறையில், யாரும் அளக்காமல், கஞ்சி குடித்துக்கொண்டு செய்து முடித்திருக்கிறார்.

இப்போது முறியாத காலைப் பற்றி. ஒரு மனிதன் நிற்கும்போது, அவன் எதுவும் செய்யவில்லை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவனுடைய கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், பிட்டம், முதுகுத்தண்டை ஒட்டிய சதை எல்லாம் பூமியின் இழுப்பை எதிர்த்து வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஆடுகிற படகில் நிற்பவருக்கு இது இரண்டு மடங்கு. அப்பாவின் கால் முப்பத்தைந்து வருடம் உறுதியாக இருந்ததற்குக் காரணமே இந்த எடைதான். தசையில் தினமும் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. எடை விழுகிறது என்ற செய்தி வந்தால்தான் கட்டும் வேலை நடக்கும். படுத்துவிட்டால் அந்தச் செய்தி நின்றுபோகிறது, உடைவது மட்டும் வழக்கம்போல் நடக்கிறது. எந்தக் கால் முறிந்தது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. படுத்தது இரண்டு காலும்தானே.

பிரான்சில் துலூஸ் நகரில் ஆண்களை 90 நாள் படுக்க வைத்து அளந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நான் என்னிடம் வரும் எல்லாக் குடும்பத்துக்கும் இதைச் சொல்வேன். 29 நாளில் கெண்டைக்கால் தசை 16 சதவீதம் குறைந்தது, தொடையின் முன்தசை 10 சதவீதம். 90 நாளில் கெண்டைக்கால் 29 சதவீதம், தொடை 18 சதவீதம். அதாவது எது அதிகமாக எடை தாங்கிப் பழகியதோ, அதுதான் வேகமாகப் போகிறது. கையில் இவ்வளவு போவதில்லை. அப்பாவின் கையைப் பிடித்துப் பாருங்கள், வலை இழுத்த கை இன்னும் வலுவாகத்தான் இருக்கும். நரம்பு போய்விட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி மெலிந்து, தொட்டால் உணர்வு தெரிந்து, பாதத்தை மேலே தூக்க முடிந்தால் அது படுக்கையால் வந்த மெலிவுதான். பாதம் தொங்கினாலோ, மரத்துப் போயிருந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ மட்டும் மதுரை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

அந்தத் துலூஸ் ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. படுத்தவர்களில் ஒரு பிரிவினர் படுத்தபடியே, மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு சுழல் சக்கரத்தைக் காலால் அழுத்தித் தள்ளும் பயிற்சி செய்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் 90 நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆனால் அவர்களுடைய தொடைத் தசை குறையவில்லை. கெண்டைக்காலில் இழப்பு பாதியாகக் குறைந்தது. ஊன்றாமல், நடக்காமல், படுத்த இடத்திலேயே! எலும்புக்கு ஓய்வு கொடுப்பது வேறு, தசைக்கு ஓய்வு கொடுப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லுங்கள். தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போவதில்லை. அதற்காக இரண்டு மாதமும் எஞ்சினைத் தொடாமல் விடுவார்களா? படகு நங்கூரத்தில் நிற்கட்டும், எஞ்சினை இடையிடையே ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும். டாக்டர் நிறுத்தச் சொன்னது படகை மட்டும்தான்.

தலைசுற்றலுக்கு வேறு காரணம். படுத்தே இருந்தால், காலில் இருக்க வேண்டிய ரத்தம் நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று நினைத்து, சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். இப்படிக் கொஞ்ச நாளில் ரத்தத்தின் மொத்த அளவே குறைகிறது. பிறகு ஒருநாள் திடீரென்று எழுப்பி உட்கார வைத்தால், இருக்கிற ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குப் போதாமல் போகிறது. விண்வெளி வீரர்களுக்கும் இதேதான். அதனால் அப்பாவை ஒரேயடியாகத் தூக்கி நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும். அப்புறம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணி. எழுவதற்கு முன்னால் பாதத்தை இருபது முறை மேலும் கீழும் ஆட்டட்டும், அது ரத்தத்தை மேலே தள்ளும். இன்னொன்று முக்கியம். அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் அளவு, அவர் படகில் போய்க்கொண்டிருந்த காலத்தில் முடிவு செய்தது. படுத்தும் உட்கார்ந்தும் பிரஷரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கால் மெலிந்துவிட்டது என்று எண்ணெய் போட்டுக் கெண்டைக்காலை அழுத்தி உருவிவிட யாராவது முன்வருவார்கள். நம் பக்கத்தில் உருவிவிடுவதில் கைராசி உள்ளவர் என்று பெயர் எடுத்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார். தயவுசெய்து விடாதீர்கள். நாள்கணக்கில் படுத்திருந்தவரின் காலில் ரத்தம் உறைந்து கட்டி நிற்கலாம். உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பயிற்சி என்னவென்று கேட்பீர்கள். மதுரையில் "பாதி எடை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால் நமக்கு வழி இருக்கிறது. ஆனால் பாதி எடை என்றால் எவ்வளவு என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாக்கரைப் பிடித்து நின்று, இடது காலுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை, வலது காலை மெஷின் மேல் வைத்து அழுத்தட்டும். முள் 30-ஐத் தாண்டக் கூடாது. இதைத் தினமும் பத்து முறை செய்தால் நாலைந்து நாளில் காலுக்கே அந்த அளவு பழகிவிடும். உங்கள் மகனை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படுத்தபடி செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பிட்டத்தையும் அதேபோல் இறுக்கி விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக் கூடாது, வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். இவற்றை இரண்டு காலிலும் செய்யலாம். இடது காலுக்கு எந்தத் தடையும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அதை நீட்டித் தூக்கலாம், பழைய சேலையை நீளமாகக் கிழித்துப் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த இழுப்பை எதிர்த்துத் தள்ளலாம். இது வீட்டிலேயே செய்துகொண்ட துலூஸ் சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று முறை செய்யும்போது உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லாமல் நூறு முறை ஆட்டுவதால் தசை வளராது.

அப்புறம், பகலில் கட்டில் வேண்டாம். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். உட்கார்ந்து என்ன செய்வார் என்று கேட்காதீர்கள், தங்கச்சிமடத்தில் கிழிந்த வலைக்குப் பஞ்சமா? வலையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஊசியும் நூலும் கையில் கொடுங்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் பின்னுவேன் என்பார், இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் வலை பின்னினால் முதுகுச் சதை ஒரு மணி நேரம் வேலை செய்திருக்கும். அதைவிட, தன்னால் ஒரு பைசாவுக்குப் பிரயோசனம் இல்லை என்று ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது எவ்வளவு பெரிய மருந்து என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது, அத்தை மன்னிக்க வேண்டும். கடலோரத்தில், மீன் பிடிக்கிறவர் வீட்டில், சதை கரைந்துகொண்டிருக்கும் மனிதருக்கு மீன் இல்லை! மீன் சாப்பிட்டால் புண் ஆறாது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. மீன் அவருக்கு எப்போதுமே அலர்ஜி என்றால் மட்டும்தான் தவிர்க்க வேண்டும். புண் ஆறவும் புரதம் வேண்டும், எலும்பு சேரவும் வேண்டும், தசை கட்டவும் வேண்டும். இந்த வயதில் இப்படி மீண்டு வருகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். கஞ்சியிலும் ரசத்திலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. விலையுள்ள மீன் வேண்டாம், சூடையும் நெத்திலியும் காரலும் போதும். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய கால்சியமும் கிடைக்கும். ஆனால் கருவாடு வேண்டாம், அவருக்குப் பிரஷர் இருக்கிறது, உப்பு சேராது. காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், சாயங்காலம் சுண்டல், இரவு மறுபடியும் மீனோ பருப்போ, படுக்கும் முன் பால். ஒரே வேளையில் குவிக்காமல் இப்படிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பலரும் நம்பும் ஆட்டுக்கால் சூப் தவறில்லை, ஆனால் அதில் புரதம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, அதைக் குடித்துவிட்டு மீனை விட்டுவிடக் கூடாது. ஒன்று மட்டும், இதைத் தொடங்கும் முன் ரத்தத்தில் சிறுநீரகப் பரிசோதனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரஷர் உள்ளவர் என்பதால் சொல்கிறேன்.

பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் அப்பா நின்றுவிடுவார், வாக்கரோடு பத்தடி நடந்தும்விடுவார். ஆனால் காலைப் பார்த்தால் அப்போதும் குச்சியாகத்தான் இருக்கும். பார்த்து மனம் தளராதீர்கள். படுக்கையில் தசையின் அளவு குறைவதைவிட பலம் வேகமாகக் குறைகிறது, ஏனென்றால் மூளையிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையும் மந்தமாகிவிடுகிறது. திரும்பி வரும்போது அந்தக் கட்டளைதான் முதலில் சரியாகும், சதை பின்னால் வரும். அதற்கு மாதங்கள் ஆகும். டேப் வைத்துத் தொடையை அளந்துகொண்டிருக்காமல், எவ்வளவு நேரம் நின்றார், எத்தனை அடி நடந்தார் என்று மட்டும் பாருங்கள்.

திரும்பி வருமா என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். இதயமும் தசையும் சேர்ந்து உழைக்கும் திறன் கடகடவென்று விழுந்தது. முப்பது வருடம் கழித்து, 50 வயதான அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். முப்பது வருட வயது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது. இதை மட்டும் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள். 1966-லேயே இரண்டு மாதப் பயிற்சியில் அவர்கள் இழந்ததை மீட்டார்கள். 50 வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, இருபது வயதில் படுக்கும் முன்பு இருந்த அளவுக்குத் திரும்ப வந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு எலும்பு முறிவும் சேர்ந்திருக்கிறது, எனவே நாள் கூடும். ஆனால் அவர் பழையபடி நடப்பார் என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

கடல் ஒரு விதத்தில் உதவவும் செய்யும். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் விழும். தையல் போட்ட இடம் முழுக்க ஆறி, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, மே மாதக் கடைசியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும் நாட்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்குமே, அங்கே மணல் சமமான இடத்தில் இரண்டு பக்கமும் ஆள் நின்று நடக்க வைக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கட்டும், திருக்கை கிடந்தால் விலகிப் போய்விடும். ஆனால் இது தொடக்கத்துக்கு மட்டும்தான். மாஸ்கோவில் விஞ்ஞானிகள் எடையற்ற நிலையை உண்டாக்க ஆளைத் தண்ணீர்த் தொட்டியில், உடம்பு நனையாமல் ஒரு நீர்புகாத் துணியில் மிதக்க வைப்பார்கள். சில நாளிலேயே தசை தளர்ந்துவிடும். தண்ணீர் எடையைக் குறைக்கிறது, தசைக்கு எடை வேண்டும். நிற்கப் பழகிய பிறகு கரைக்கு வந்துவிட வேண்டும்.

ஜூன் 15 பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவர் படகில் ஏறக் கூடாது. ஆடுகிற தளத்தில், ஈரத்தில், இரவில், வலை இழுக்கும்போது வேண்டியிருக்கும் பலமும் சமநிலையும் கடைசியாகத்தான் திரும்ப வரும். எலும்பும் முழுதாகச் சேர்ந்ததாக எக்ஸ்ரே சொல்ல வேண்டும். முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் 14 முறையாவது எழுந்து உட்கார வேண்டும். வலது காலில் மட்டும் பத்து விநாடி நிற்க வேண்டும். இரண்டும் ஆனால் என்னிடம் கூட்டி வாருங்கள், படகு வேலையைப் பற்றி அப்போது பேசலாம். அதுவரை அந்தத் தேதிக்கு அவர் பாம்பன் கரையில் வாக்கரோடோ கைத்தடியோடோ நடந்து போய், படகுகள் இறங்குவதை நின்று பார்ப்பதுதான் நமது இலக்கு. இதைச் சொன்னால் கோபப்படுவார். படட்டும், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தினமும் ராமநாதபுரம் வந்து போவது சிரமம் என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அதில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் உண்டு, காசு கிடையாது.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நோட்டில் தேதி போட்டு, தாத்தா இன்று எத்தனை நிமிடம் உட்கார்ந்தார், எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை அடி நடந்தார், எத்தனை முட்டை, என்ன மீன் என்று எழுதி வைக்கட்டும். கொலோனில் செய்ததும் இந்த மாதிரிக் கணக்குத்தான். பதினைந்து நாள் ஆனதும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பதினைந்து நாளுக்கு என்ன செய்வது என்று எழுதுகிறேன்.